புது மெட்டல் டிடெக்டர் வந்த பிறகு பழையவற்றை என்ன செய்வது: பாளையங்கோட்டையில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வருபவர் பாளையங்கோட்டையில் குழாய் வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்பவர். ஐம்பது வயதைக் கடந்தவர். அக்காள் மகன் அவருக்கு உதவியாக இருக்கிறார். இனி முன்னவரை ஒப்பந்ததாரர் என்றும் பின்னவரை மருமகன் என்றும் குறிப்பிடுகிறேன். மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். தங்களிடம் இருந்த கருவிகளைச் சோதித்துச் சொல்வதற்காக என்னைக் கூப்பிட்டார்கள். உடனிருந்து குறித்து வைத்ததை இருவரின் ஒப்புதலோடு இங்கே எழுதுகிறேன்.

ஒப்பந்ததாரர் முதல் மெட்டல் டிடெக்டரை வாங்கியது நகை தேடுவதற்காக அல்ல. சாலை போடும் ஒவ்வொரு முறையும் குடிநீர்க் குழாயின் வால்வு மூடி தாருக்கும் ஜல்லிக்கும் அடியில் போய்விடும். கசிவு வரும் நாளில் அது எங்கே புதைந்திருக்கிறது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. உத்தேசமாக நாலு இடத்தில் கடப்பாரை போடுவதைவிட ஒரு கருவி வாங்குவது மலிவு என்று அவர் கணக்குப் போட்டார். பி.வி.சி. குழாயை எந்த டிடெக்டரும் காட்டாது. வார்ப்பிரும்புக் குழாய், ஜி.ஐ. குழாய், வால்வு, மூடி ஆகியவற்றைக் காட்டும். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

தெருவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்த ஒரு வீட்டார், தோட்டத்தில் விழுந்த கம்மலைத் தேடித் தர முடியுமா என்று கேட்டார்கள். கம்மல் கிடைத்தது. செய்தி பரவிவிட்டது. பாபநாசம் தொடங்கிக் கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, குறுக்குத்துறை, சிந்துபூந்துறை வரை தாமிரபரணியில் படித்துறைகளுக்குக் குறைவில்லை. மஞ்சளும் சோப்பும் தேய்த்த விரலிலிருந்து மோதிரம் நழுவுவது அங்கே அன்றாடம் நடப்பது. 2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரம் என்ற நீராடல் விழா நடந்தபோது இந்த வேலை குழாய் வேலைக்குச் சமமாக வந்து நின்றது என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார்.

ஆரம்பத்திலேயே அவர் தனக்கு இரண்டு விதிகளை வைத்துக்கொண்டார். நகையைத் தொலைத்தவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதற்கு ஒப்புகையாகத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஊரில் பொறுப்பான ஒருவர் கூட வந்து நிற்க வேண்டும். நகை யாருடையது என்று தெரியாத இடத்தில் கருவியை இறக்குவதில்லை. இந்த விதிகள் பின்னால் அவரைக் காப்பாற்றின.

கையில் இருந்த மூன்று

முதல் கருவி 6.5 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் ஆரம்ப நிலைக் கருவி. நான்கு பென்டார்ச் பேட்டரி போட்டால் ஓடும். மண்ணின் தன்மைக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும் வசதி அதில் கிடையாது. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய அளவுதான். ஆனால் யார் கையில் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடுவார்கள்.

இரண்டாவது 14 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓடும் நடுத்தரக் கருவி. தரைக்கு மேல் நகர்த்தும் கம்பிச்சுருள் தட்டு, அதாவது காயில், பெரியது. மண்ணுக்கு ஏற்பக் கையால் சரிசெய்யலாம். படித்துறைகளில் கிடைத்த மோதிரங்களில் பெரும்பாலானவை இதில் கிடைத்தவை. காயில் மட்டும் நீரில் நனையலாம். கைப்பிடிக்கு மேலே உள்ள பெட்டி நனைந்தால் கதை முடிந்தது. அதனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் மருமகன் அதைத் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நடப்பார்.

மூன்றாவது பல்ஸ் வகை. முதல் இரண்டும் தொடர்ச்சியான அலையை மண்ணுக்குள் அனுப்பி, திரும்பி வரும் அலை எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்து இரும்பையும் பிற உலோகங்களையும் பிரிக்கின்றன. பல்ஸ் வகை சட்டென்று ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, அது அடங்கிய பிறகு உலோகத்தில் மிச்சமிருக்கும் மின்னோட்டத்தைக் கேட்கிறது. உப்பு நீரும் கனிம மணலும் இதை அதிகம் குழப்பாது. ஆழமும் கூடுதல். குறை என்னவென்றால் ஆணியும் மோதிரமும் இதற்கு ஒன்றுதான், ஒரே சத்தம். ஆழத்தில் கிடந்த பெரிய வார்ப்பிரும்பு வால்வுகளுக்காக இதைப் பழையதாக வாங்கியிருந்தார்.

புதிய கருவி வந்த காரணம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி இரு கரையும் தாண்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்தில் வீடுகளுக்குள் வண்டல் ஏறி நின்றது. நீர் வடிந்த பிறகு பீரோவோடும் டப்பாவோடும் போன நகைகளைத் தேடச் சொல்லி அழைப்புகள் வந்தன.

அந்தச் சேற்றில் பழைய மூன்றுமே திணறின. இடிந்த கூரையின் தகர ஆணி, சைக்கிள் கம்பி, சோடா மூடி, பாக்குப் பொட்டலத்தின் அலுமினியத் தாள் என்று அடிக்கு அடி உலோகம். பல்ஸ் கருவி விடாமல் கத்தியது. முதல் கருவி ஓர் ஆணியைக் கேட்டுவிட்டு அடுத்த பொருளுக்குத் தயாராவதற்குள் காயில் அதைத் தாண்டிப் போயிருக்கும். ஆணிக்கு ஒரு சாண் தள்ளி மோதிரம் கிடந்தால் அது ஊமைதான். நடுத்தரக் கருவி கொஞ்சம் பரவாயில்லை.

அதன் பிறகு ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் ஓடும் கருவி ஒன்றைக் கடன் வாங்கி வாங்கினார்கள். பெட்டி உட்பட முழுவதும் நீர் புகாதது, லித்தியம் பேட்டரி உள்ளேயே இருப்பது. பல அதிர்வெண்களில் வரும் பதில்களை ஒப்பிட்டு, உப்பால் வருவதையும் மண்ணால் வருவதையும் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டும். பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு பொருள்களைத் தனித்தனியாகவும் சொல்லும்.

மாமனும் மருமகனும்

மருமகனின் கணக்கு எளிமையானது. “மாமா, புதியது எல்லா வேலையும் செய்யும். பழைய மூன்றையும் விற்றால் கடனில் பாதி அடையும். அலமாரியில் கிடந்து பேட்டரி ஒழுகி வீணாய்ப் போவதற்கா வைத்திருக்கிறோம்?”

ஒப்பந்ததாரருக்குத் தெளிவான மறுப்பு ஏதும் இல்லை. சோறு போட்ட கருவியை விற்பதா என்றார். பிறகு, ஒருநாள் புதியது படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்றார். முதலாவது பாசம், இரண்டாவது தொழில். வாக்குவாதத்தில் இரண்டும் கலந்துபோனதால் மருமகனுக்கு இரண்டுமே பாசமாகத்தான் கேட்டன. நல்ல கேள்வி அந்த இடத்திலேயே அமுங்கிவிட்டது என்பது என் கணிப்பு.

இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், நாலு கருவிகளையும் ஒரே மண்ணில் ஒரே பொருள்களை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது.

சோதனையில் கண்டவை

பொருள்களை வீட்டிலிருந்தே எடுத்தோம். அரைப் பவுன் மோதிரம், மெல்லிய கழுத்துச் சங்கிலி, ஒரு ஜோடி வெள்ளி மெட்டி, இரண்டங்குல ஆணி, கைப்பிடி அளவு ஜி.ஐ. குழாய்த் துண்டு. பாளையங்கோட்டை வீட்டின் பின்புறச் செம்மண், சிந்துபூந்துறை ஆற்று மணல், திசையன்விளையை அடுத்த தேரி எனும் செம்மணல் மேடு, உவரிக் கடற்கரை என்று நான்கு வகைத் தரை.

செம்மண்ணில் மெட்டியை எல்லாக் கருவிகளும் சுலபமாகக் காட்டின. வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். குறைந்த அதிர்வெண்ணுக்கு அது ஒத்துவரும் பொருள். முதல் கருவிகூட ஒரு சாண் ஆழத்தில் மெட்டியைத் தயங்காமல் சொன்னது. மோதிரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. புதியது சில விரற்கடை அதிகம் பார்த்தது. கடன் வாங்கியவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

சங்கிலியில்தான் கதை மாறியது. நகை தொலைத்தவர்கள் பலருக்கு இது தெரியாது. ஐந்து பவுன் சங்கிலி அரைப் பவுன் மோதிரத்தைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது. டிடெக்டர் எடையைப் பார்ப்பதில்லை. உலோகத்துக்குள் ஒரு சுழல் மின்னோட்டம் ஓட வேண்டும். மோதிரம் முழு வளையம் என்பதால் அது சுற்றி ஓடிவிடும். சங்கிலியின் கண்ணிகள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டு தொங்குபவை. மின்னோட்டம் ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததற்குத் தாவாது. அதனால் கருவிக்கு அது ஒரு சங்கிலியாகத் தெரிவதில்லை, நூறு துணுக்குத் தங்கமாகத் தெரிகிறது. பல நேரங்களில் சத்தம் கொடுப்பது கொக்கி மட்டும்தான். சிறு துணுக்குகளைப் பார்க்க உயர்ந்த அதிர்வெண் வேண்டும். புதிய கருவி நான்கு விரற்கடை ஆழத்தில் சங்கிலியைக் காட்டியது. நடுத்தரக் கருவி மூன்றில் காட்டியது. முதல் கருவி, சங்கிலி மண்ணின் மேலே கிடந்தபோதுகூடக் காயிலைக் கொக்கிக்கு நேராகக் கொண்டுபோனால்தான் முனகியது. பல்ஸ் கருவிக்கும் சங்கிலி பிடிக்கவில்லை. மெல்லிய கண்ணியில் மின்னோட்டம் மிக விரைவில் அடங்கிவிடும். கருவி கேட்கத் தொடங்கும் முன்பே அங்கே ஒன்றும் இருக்காது.

தேரியின் சிவந்த மணலில் இரும்பு ஆக்சைடும் கனத்த கனிமங்களும் கலந்திருக்கின்றன. தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாத முதல் கருவி அங்கே பாதி ஆழத்தை இழந்தது. நடுத்தரக் கருவியைக் கையால் சரிசெய்த பிறகு அது ஓரளவு தேறியது.

உவரியில் இன்னும் கடினம். அந்தக் கரையின் இல்மனைட், கார்னெட் மணல் நாடறிந்தது. 2013-இல் தாது மணல் அள்ளுவதை அரசு நிறுத்தியது வரை பெரிய வியாபாரமும் அதுதான். அலை வந்து நனைத்துப் போகும் இடத்தில் கனிமமும் உப்பும் ஒன்றாகச் சேர்கின்றன. ஒற்றை அதிர்வெண் கருவியை இரண்டில் ஒன்றுக்குத்தான் சரிசெய்ய முடியும். இரண்டு பழைய கருவிகளும் ஒவ்வோர் அலைக்கும் பொய்ச் சத்தம் எழுப்பின. பல்ஸ் கருவி அமைதியாக, ஆழமாக வேலை செய்தது. புதியதும் அப்படியே, கூடவே ஆணியைப் பிரித்தும் சொன்னது.

சோதனையில் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. இரண்டு பேர் இரண்டு கருவிகளோடு பக்கத்தில் நடந்தால் ஒன்றின் அலை மற்றதைக் குழப்புகிறது. புதியதும் நடுத்தரமும் சில அடி தூரத்தில் இருந்தபோது இரண்டும் உளறின. போதிய தூரம் விட்டு நடந்தால் தொல்லை இல்லை. சின்னப் படித்துறையில் அந்தத் தூரத்துக்கு எங்கே போவது? ‘இரண்டு கருவி இருந்தால் இரண்டு மடங்கு வேலை’ என்ற ஒப்பந்ததாரரின் வாதம் இதில் அடிபட்டது.

முதல் முடிவும் காரணமும்

எடுத்த முடிவு கேட்பவர்களுக்கு விநோதமாகப் படும். மூன்றில் மட்டமான 6.5 கிலோஹெர்ட்ஸ் கருவியை வைத்துக்கொண்டு, சிறந்ததான நடுத்தரக் கருவியை விற்பது என்று தீர்மானித்தார்கள். பல்ஸ் கருவியையும் விற்பது.

காரணம் இதுதான். நடுத்தரம் செய்யும் எல்லாவற்றையும் புதியது இன்னும் நன்றாகச் செய்கிறது. விற்றால் நல்ல விலை போகும். இருப்பதில் இரட்டிப்பு எதற்கு? முதல் கருவியோ விலை போகாது. தார்ச் சாலையில் வால்வு மூடி தேடக் கூலியாளிடம் நம்பிக் கொடுக்கலாம். வெயிலிலும் தூசியிலும் புதியதைக் கொண்டுபோக வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பல்ஸ் கருவி உவரியில் நன்றாக ஓடினாலும், கடற்கரை வேலை எப்போதாவது வருவது. அதற்குப் புதியதே போதும்.

காகிதத்தில் பார்த்தால் நியாயமான முடிவு. அன்று நானும் தலையாட்டினேன். மூன்று கருவிகளும் தரையில் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்த்து எடுத்த முடிவு அது. புதியது இல்லாத ஒரு நாளை வைத்து யாரும் கணக்குப் போடவில்லை.

வாங்க வந்தவர்கள்

விற்பனை என்று வாய்மொழியாகச் சொன்ன உடனே வந்தவர்களில் நகை தேடுபவர் எவரும் இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு காரில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் பழைய ஓலை போல எதையோ துணியில் சுற்றி வைத்திருந்தார். வெற்றிலையில் மை போட்டுப் பார்த்ததில் இடம் தெரிந்துவிட்டது, ஆழம்தான் தெரிய வேண்டும் என்றார்கள். “அண்ணாச்சி, இது பத்தடி பார்க்குமா?” என்பது கேள்வி. எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில் ஒரு பரம்பு, அதாவது மேட்டு நிலம், என்றார்கள்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மனியைச் சேர்ந்த யாகோர் முதலில் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ முதுமக்கள் தாழிகளோடு தங்க நெற்றிப்பட்டங்களையும் எடுத்தார். அந்தத் தங்கத்தின் நினைப்பு இன்னும் சிலருக்கு அடங்கவில்லை. அந்தப் பரம்பு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே உரிமம் இல்லாமல் தோண்டுவது 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டப்படி குற்றம். வேறு இடமாக இருந்தாலும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

பத்தடிக் கணக்கும் பொய். நாணய அளவுப் பொருளைச் சாதாரண டிடெக்டர் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்தில் பார்த்தாலே பெரிது. பெரிய இரும்புப் பெட்டி போன்றவற்றைப் பல்ஸ் வகை இன்னும் ஆழத்தில் உணரலாம். அரை மைல் தூரத்துத் தங்கத்தைக் காட்டும் என்று சந்தையில் விற்கும் இரட்டைக் கம்பிக் கருவிகளுக்கும் வெற்றிலை மைக்கும் என் பார்வையில் வேறுபாடில்லை.

ஒப்பந்ததாரர் விற்கவில்லை. நல்ல தொகை சொன்னார்கள். மருமகனுக்கு அது வலித்தது. ஆனால் கருவி எங்காவது பிடிபட்டால் முதலில் வருவது விற்றவரின் பெயர்தான் என்று மாமன் சொன்னதற்கு அவரிடம் பதில் இல்லை. மறுநாளே விற்பனைக்கும் விதி வைத்தார்கள். தெரிந்த தொழிலில் இருப்பவருக்கு மட்டும், என்ன வேலைக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு, அடையாள அட்டையின் நகலோடு.

நடுத்தரக் கருவி அந்த விதிப்படி நாகர்கோவிலில் இதே வேலை செய்யும் ஒருவருக்குப் போனது. வாங்கிய விலையில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைத்தது. இரவில் வந்தவர்கள் சொன்ன தொகையோடு மருமகன் இதை ஒப்பிடாமல் இருந்ததற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

மர மில்

பல்ஸ் கருவிக்கு மட்டும் தகுந்த ஆள் கிடைக்கவில்லை. ஆணியையும் தங்கத்தையும் பிரிக்காத கருவி யாருக்கு வேண்டும்?

வழி தற்செயலாகத் திறந்தது. தென்காசி சாலையில் உள்ள ஒரு மர அறுவை மில்லுக்கு ஒப்பந்ததாரர் குழாய் வேலைக்குப் போயிருந்தார். அன்று ரம்பப் பட்டை அறுந்து வேலை நின்றிருந்தது. சாலையோரத்தில் வெட்டிய புளிய மரத்துக்குள் ஒரு பழைய ஆணி இருந்திருக்கிறது. நெடுஞ்சாலை மரங்களில் இது வழக்கம். டியூஷன் விளம்பரம், வைத்தியர் விளம்பரம், கட்சிப் பலகை என்று ஐம்பது ஆண்டுகளாக அடித்த ஆணிகளை மரம் பட்டைக்குள் விழுங்கிவிடும். வெளியே ஒரு தழும்புகூட இருக்காது. ரம்பத்தின் பல்லுக்குத்தான் தெரியும். அறுந்த பட்டை தெறித்தால் எதிரே நிற்கும் ஆளுக்கும் ஆபத்து.

மில்லுக்கு வேண்டியது எதையும் பிரிக்காத, எல்லாவற்றுக்கும் கத்துகிற கருவி. பல்ஸ் கருவியைக் கொண்டுபோய் அங்கே கிடந்த வாகைத் தடியின் மேல் நகர்த்தினோம். நடுவில் ஓரிடத்தில் சத்தம் வந்தது. உளியால் கொத்தியதில் இரண்டு விரற்கடை ஆழத்தில் துருப்பிடித்த கொண்டை ஆணி, அதைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறுத்திருந்தது. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கலந்தால் வரும் கறை அது. மில்காரர் அப்போதே விலை கேட்டார்.

ஒப்பந்ததாரர் விற்காமல் மாத வாடகைக்குக் கொடுத்தார். உவரிப் பக்கம் பெரிய வேலை வந்தால் ஒருநாள் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பது பேச்சு. மூன்று கருவிகளைப் பற்றி எடுத்ததில் மிகச் சரியான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். முதல் கணக்கில் இது இல்லவே இல்லை.

வீரவநல்லூர் வயல்

சில மாதங்கள் கழித்து, பிசான நடவுக் காலத்தில் புதிய கருவி சார்ஜ் ஏறாமல் நின்றது. பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டது, நான் திறந்தால் நீர்த்தடுப்பு போய்விடும். பழுதுக்கு வெளியூர் அனுப்ப வேண்டியதாயிற்று. திரும்பி வரப் பல வாரங்கள் ஆகும் என்றார்கள்.

அந்த இடைவெளியில் வீரவநல்லூரிலிருந்து ஓர் அழைப்பு. கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலில் நடவு நட்ட ஒரு பெண்மணியின் தாலிச் சங்கிலி கொக்கி விட்டுப்போய் விழுந்திருந்தது. குனிந்து நடும்போது எங்கே போனதென்று தெரியவில்லை. மாலையில் குளிக்கும்போதுதான் கழுத்து வெறுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சி.எஸ்.ஆர். ரசீது, ஊர்ப் பெரியவர் இருவர், வயல்காரர் என்று எல்லாம் தயாராக இருந்தது. கருவிதான் இல்லை. முதல் கருவியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

வயல்காரர் மடையைத் திறந்து நீரை வடித்தார். நாற்று மிதிபடக் கூடாது என்பதால் நட்ட வரிசைகளுக்கு இணையாகக் கயிறு கட்டி, இடையில் ஒற்றைக் காலடியாக நடந்தார்கள். மதியத்துக்குள் தாலியும் அதை ஒட்டிய இரண்டு லட்சுமி காசுகளும் கிடைத்துவிட்டன. மூன்றும் தட்டையான, முழுமையான தங்கத் துண்டுகள். 6.5 கிலோஹெர்ட்ஸ் அவற்றைக் கேட்டது. அந்தப் பெண்மணி சேற்றுக் கையோடு தாலியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சங்கிலி கிடைக்கவில்லை. கொக்கி விட்டதும் தாலி ஓரிடத்தில் உருவி விழுந்திருக்கிறது. சங்கிலி சேலை மடிப்பில் சிக்கி வேறெங்கோ விழுந்திருக்க வேண்டும். ஐந்து பவுன். சாயங்காலம் வரை அதே வரிசைகளில் நடந்தார்கள், கருவி வாயே திறக்கவில்லை. சோதனையில் பார்த்ததுதான் வயலிலும் நடந்தது.

அன்று இரவு மருமகன் நாகர்கோவிலுக்குப் போன் செய்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் நடுத்தரக் கருவியோடு அதை வாங்கியவரே வந்து இறங்கினார். முந்தின நாள் நடந்த கயிற்று வரிசையிலேயே, தாலி கிடைத்த இடத்திலிருந்து சுமார் இருபது அடி தள்ளி, நாற்றின் வேருக்குப் பக்கத்தில் மூன்று விரற்கடை ஆழத்தில் சங்கிலி இருந்தது. சத்தம் மிக மெலிதாகத்தான் வந்தது. அந்தக் கருவியின் குணம் தெரிந்த காது என்பதால் மருமகன் நின்றார். கூலியில் பாதி நாகர்கோவில்காரருக்குப் போனது.

மாற்ற வேண்டியவை

ஒப்பந்ததாரர் ஆரம்பத்தில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு, அதாவது புதியது படுத்துக்கொண்டால் என்ன என்பதற்கு, அப்போதே தனியாகப் பதில் தேடியிருக்க வேண்டும். சோதனைக் குறிப்பிலேயே பதில் இருந்தது. சங்கிலியைக் காட்டியவை இரண்டு கருவிகள்தான். ஒன்று புதியது, மற்றது விற்கப்பட்டது. ‘புதியதைப் போலவே வேலை செய்கிறது’ என்று அதை விற்றார்கள். மாற்றுக் கருவிக்கு வேண்டிய தகுதியே அதுதான். வால்வு தேடும் வேலைக்காக முதல் கருவியை வைத்துக்கொண்டது தவறில்லை. அதை நகை வேலைக்கும் மாற்று என்று மனதில் நினைத்துக்கொண்டது தவறு.

விற்ற விதம் சரியாக இருந்ததால் இழப்பு சிறியதாக முடிந்தது. யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த கருவியை ஒரு போனில் வரவழைக்க முடிந்தது. இரவு வந்தவர்களிடம் போயிருந்தால் சங்கிலி வயலிலேயே கிடந்திருக்கும், அடுத்த உழவில் இன்னும் கீழே போயிருக்கும்.

பராமரிப்பில் சில மாற்றங்கள் வந்துவிட்டன. முதல் கருவியை அலமாரியில் வைக்கும்போது பேட்டரிகளைக் கழற்றி வைக்கிறார்கள். ஒழுகிய பேட்டரி தொடுமுனையை அரித்துவிடும் என்ற மருமகனின் பயம் நியாயமானது. புதியதை முழு சார்ஜிலோ முழுவதும் தீர்ந்த நிலையிலோ நாள்கணக்கில் வைப்பதில்லை. லித்தியம் பேட்டரிக்குப் பாதி அளவு சார்ஜில் இருப்பது நல்லது. ஆற்றிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, சார்ஜ் போடும் முனையைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் பையில் வைக்கிறார்கள்.

புதியது பழுது நீங்கி வந்துவிட்டது. பல்ஸ் கருவி இன்னும் மர மில்லில் இருக்கிறது. மில்காரர் இதுவரை இரண்டு முறை விலை பேசிப் பார்த்துவிட்டார். நடுத்தர வகையில் பழைய கருவி ஒன்று கிடைக்குமா என்று ஒப்பந்ததாரர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். தான் விற்றதையே விற்ற விலைக்கு மேல் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று நாகர்கோவில்காரரிடம் கேட்டார். கருவியைத் தர முடியாது, தேவைப்பட்டால் கருவியோடு தானே வருகிறேன் என்று பதில் வந்தது.